நீலாஞ்சனா சொல்ல வந்தது

எங்கள் தெருவில் பொழுது சீக்கிரமே போய்விடும். மேற்கே ராஜகிரி மலை நிற்கிறது. சூரியன் அதன் பின்னால் இறங்கியதும் தெரு முழுக்க நிழல் விழுந்துவிடும். மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஊர்களில் அப்போதும் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். எனக்கு இதனால் நஷ்டம் ஒன்றும் இல்லை. மாவு மில்லில் லைட்டைக் கொஞ்சம் முன்னாடி போடுவேன், அவ்வளவுதான். ஆனால் பக்கத்து வீட்டு ரிஷபன் அண்ணனுக்கு அந்த நிழல்தான் சட்டம்.

அவர்கள் தமிழ்ச் சமணர்கள். நயினார் வீடு என்போம். பொழுது போய்விட்டால் அந்த வீட்டில் யாரும் வாயில் ஒன்றும் வைக்கமாட்டார்கள். இந்தக் காலத்தில் நிறைய பேர் அந்த வழக்கத்தை விட்டுவிட்டார்கள், அவர்கள் சொந்தத்திலேயே பிள்ளைகள் சென்னையில் ராத்திரி பதினோரு மணிக்குப் பரோட்டா தின்கிறார்கள். அண்ணன் விடவில்லை. தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். அதிலும் காலண்டரில் போட்டிருக்கும் அஸ்தமன நேரம் அவருக்குச் செல்லாது. மலை மறைத்தால் முடிந்தது.

"மலைக்குப் பின்னாடி இன்னும் வெயிலு இருக்குதுண்ணா" என்று நான் வம்புக்கு இழுப்பேன்.

"என் கண்ணுக்குத் தெரியலியே வளரு" என்பார்.

அவருக்கு மல்லாட்டை வியாபாரம், வேர்க்கடலையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் மூட்டை வந்து இறங்குவதற்குள் கொண்டுவந்த விவசாயியின் வீட்டுச் சண்டை வரைக்கும் கேட்டு, தீர்ப்பும் சொல்லியிருப்பார். பேச்சு இல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். நல்ல மனிதர், ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காது வலிக்கும். அவர் மனைவி நீலாஞ்சனா நேர் எதிர். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணிக்கு வார்த்தை மெதுவாகத்தான் வரும். கோதுமை அரைக்க வந்தால் நைசாகவா, ரவை மாதிரியா என்று சொல்வதற்குள் எனக்கு இன்னொருவருடைய கம்பை அரைத்து முடித்துவிடலாம் போலிருக்கும். ஆனால் சொன்னால் சரியாகச் சொல்வார். ஒரு சொல் கூடுதலாகவும் இருக்காது, குறைவாகவும் இருக்காது.

சில வருஷங்களுக்கு முன்னால் அண்ணிக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். புண் ஆறுவதற்கு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார்கள். ஊரில் பாதிப் பேர் எப்போதாவது விழுங்கியிருக்கும் மாத்திரைதான். மூன்று வேளை. அந்த வீட்டில் ராத்திரி வேளை என்று ஒன்று கிடையாது. டாக்டர் ராத்திரி என்று எழுதியதை அவர்கள் மலை மறைவதற்கு முன்னால் என்று படிப்பார்கள். எல்லா மருந்தையும் அப்படித்தான் சாப்பிட்டு வந்தார்கள், ஒன்றும் ஆனதில்லை. அன்றைக்கு அவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதே மத்தியானம் கழிந்த பிறகு. வந்ததும் கஞ்சி குடித்து ஒரு மாத்திரை. வானம் வேறு மூட்டமாக இருந்தது. பொழுது போகிறது போகிறது என்று அண்ணன் அவசரப்படுத்த, அடுத்த மாத்திரையும் உள்ளே போனது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சினிமா பார்த்து முடிக்கும் நேரம்கூட இல்லை.

நான் ராகி அரைத்துக்கொண்டிருந்தேன். அண்ணி மில் வாசலில் வந்து நின்றார். எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. கண் இரண்டும் கோடாகிவிட்டது, உதடு வீங்கித் தொங்குகிறது, கழுத்தெல்லாம் தடித்துச் சிவந்திருக்கிறது. என்னைக் கூப்பிட வாயைத் திறக்கிறார், விசில் மாதிரி காற்றுதான் வருகிறது. மில்லை அப்படியே விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். அரசு ஆஸ்பத்திரியில் பார்த்தவுடன் தொடையில் ஒரு ஊசி குத்தி, மாஸ்க் வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் மூச்சு சீரானது. அந்த டூட்டி டாக்டர் சின்னப் பெண். பதறாமல் வேலை பார்த்தாள். இன்றைக்கும் அவளை நினைத்தால் கும்பிடத் தோன்றுகிறது.

"என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்று கேட்டாள்.

அண்ணிக்கு வாயில் மாஸ்க். அண்ணன்தான் சொன்னார். "ராத்திரி வேள மாத்திரையையும் சேத்துப் போட்டுட்டா டாக்டர். எங்க வழக்கம் அப்டி. டோஸ் கூடிப்போச்சு."

"அதனால இப்படி ஆகாதுன்னுதான் நெனைக்கிறேன். எதுக்கும் அந்த மாத்திரை அட்டைய எடுத்துட்டு நாளைக்கு வாங்க, பாக்கணும்" என்றாள். அதற்குள் பைக்கில் விழுந்த ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவள் அந்தப் பக்கம் ஓடினாள்.

அட்டையை எடுத்துக்கொண்டு யாரும் போகவில்லை. அண்ணனுக்குத்தான் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டதே. தன் விரதம் பெண்டாட்டி உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது என்று அவர் முடிவு கட்டிவிட்டார். அந்த மனிதர் அழுததை அப்போதுதான் முதல் முறை பார்த்தேன். அதற்குப் பிறகு அண்ணிக்கு எப்போது மாத்திரை கொடுத்தாலும், ராத்திரி வேளையை ராத்திரியிலேயே, அவரே சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்பார். அவர் தொண்டையில் ஒரு சொட்டு இறங்காது. அண்ணி குடிக்கும் வரை பக்கத்தில் நிற்பார். அவர்கள் வழக்கத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு ஆசை அவருக்கு அண்ணிமேல்.

டோஸ் கூடிப்போன கதை அவர்கள் சொந்தத்தில் பிரபலமாகிவிட்டது. கல்யாண வீடுகளில் அண்ணன் அதைச் சொல்லிச் சொல்லி மெருகேற்றிவிட்டார். முகம் பூசணிக்காய் மாதிரி ஆனது, வளர்மதி மில்லை அணைக்காமல் ஓடி வந்தது எல்லாம் வரும். அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சிரிக்கமாட்டார்.

போன வருஷம் அண்ணிக்குக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதாயிற்று. ரத்தம் நிற்காமல் போய் ஆள் வெளுத்துவிட்டார். திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மகள் ரம்யா வந்தவாசியில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், ஆபரேஷன் அன்றைக்குக் காலையில் வந்துவிடுவதாக ஏற்பாடு. முதல் நாள் அண்ணன் மட்டும்தான் கூட இருந்தார். அங்கே நடந்ததெல்லாம் பின்னால் அவர் வாயாலேயே கேட்டது. கதை வரிசையாகப் போகட்டும் என்று இங்கேயே சொல்கிறேன்.

ஒரு நர்ஸ் வந்தாள். ஷோபனா என்று பெயர், அவலூர்பேட்டைப் பெண். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா என்று வரிசையாகக் கேட்டாள். ஏதாவது மருந்து ஒத்துக்காமல் போயிருக்கிறதா, அலர்ஜி இருக்கிறதா என்றும் கேட்டாள். அண்ணன் இல்லை என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்து அண்ணிக்கு எந்த மருந்தும் ஒத்துக்காமல் போனதில்லை, ஒரு முறை டோஸ்தான் கூடிப்போனது.

காலையில் ஆபரேஷனுக்கு முன்னால் ஆன்டிபயாடிக் ஊசி. கையில் துளி குத்தி டெஸ்ட் பார்த்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. அந்த டெஸ்ட் சில சமயம் ஏமாற்றிவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். பிறகு மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். அண்ணி கழுத்தைச் சொறிந்தார். அதைப் பார்த்ததுமே அண்ணன் டாக்டரைக் கூப்பிட ஓடினாராம். டாக்டர்கள் ஓடி வந்தார்கள், அதே தொடை ஊசி போட்டார்கள், திரும்பத் திரும்பப் போட்டார்கள். ரம்யா வந்த பஸ் வெள்ளிமேடுபேட்டையைத் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பெரிய டாக்டர் அண்ணனைத் தனியே உட்கார வைத்து, இதற்கு முன்னால் எப்போதாவது இப்படி வந்ததுண்டா என்று கேட்டார். அண்ணன் பல் பிடுங்கிய கதையைச் சொன்னார். சொல்லும்போதே டாக்டர் முகம் மாறியது.

"ஐயா, அது டோஸ் கூடினதால வந்தது இல்ல. அந்த மருந்தே அவங்க உடம்புக்கு ஆகல. லட்சக்கணக்கான பேருக்குக் குடுக்கிறோம், ஒண்ணும் ஆகாது. எங்கேயோ ஒருத்தருக்கு இப்படி உயிர் போற அளவுக்கு வரும். நாங்க போட்டதும் அதே வகை மருந்துதான். இத மட்டும் முன்னாடியே சொல்லியிருந்தா வேற மருந்து போட்டிருப்போம்" என்றார்.

அண்ணன் இந்தப் பேச்சை அப்போது யாரிடமும் சொல்லவில்லை. ரம்யாவிடமும் சொல்லவில்லை.

ரம்யா அப்பன் பிள்ளை, பேச்சிலும் கோபத்திலும். நன்றாக நடந்து போன அம்மா ஒரு ஊசியில் பிணமாகத் திரும்பினால் எந்த மகளுக்கு மனசு ஆறும்? "அலர்ஜி இருக்குதான்னு ஒரு வார்த்த கேட்டாங்களா நைனா?" என்று காரியம் முடிவதற்கு முன்பே அப்பாவைக் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். ஆஸ்பத்திரியில் யாரும் கேட்கவில்லை என்று அவள் எடுத்துக்கொண்டாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். ரம்யா சுகாதாரத் துறை அதிகாரிகளுக்குப் புகார் கொடுத்தாள். கேஸ் ஷீட்டில் அலர்ஜி இல்லை என்று எழுதியிருப்பதை ஆஸ்பத்திரிக்காரர்கள் காட்டினார்கள். செத்த பிறகு எழுதியிருப்பீர்கள் என்று இவள் திருப்பிக் கேட்டாள். விசாரணை முடியும் வரை வேலைக்கு வரவேண்டாம் என்று ஷோபனாவை வீட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

அண்ணன் கமிட்டிக்குப் போவதை நிறுத்திவிட்டார். பகலில் ஏதோ நடமாடுவார். நிழல் தெருவுக்குள் வர ஆரம்பித்தால் உள்ளே போய் அண்ணியின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். கூப்பிட்டால் பதில் வராது. கையை மட்டும் தூக்கி, பேசாதே என்பது போலக் காட்டுவார். ஒரு நாள் மில்லுக்கு வந்தார். "சாய்ங்காலத்துல கொஞ்ச நேரம் மில்ல நிறுத்திக்கிறியா வளரு? சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டுது" என்றார்.

"இன்னாண்ணா கேக்கணும் உங்களுக்கு?"

அவர் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த நேரத்துக்கு மில்லை நிறுத்திவிடுவேன். வாடிக்கையாளர்கள் கரண்ட் இல்லையா என்பார்கள். ஆமாம் என்பேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இருக்காது. முன்பெல்லாம் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த வீடு. அந்த அமைதியில் உட்கார்ந்திருக்க எனக்கே பயமாக இருந்தது, தெருவில் வந்து நின்றுகொள்வேன்.

அப்படி நான் தெருவில் நின்றிருந்த ஒரு நாள்தான் அந்தப் பெண் வந்தாள். கையில் சின்னப் பை, பஸ்ஸில் வந்த களைப்பு. ரிஷபன் ஐயா வீடு எது என்று கேட்டாள். நீ யாரம்மா என்றேன். "ஷோபனா. அந்த ஆஸ்பத்திரி நர்ஸ்" என்றாள். எனக்குச் சுரீர் என்று வந்தது. அண்ணியைக் கொன்றவள் வாசல் வரைக்கும் வந்துவிட்டாளே என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டேன். சரியாகத் தூங்கிப் பல நாள் ஆனவள் முகம் அது.

அண்ணன் வாசலுக்கு வந்தார். அவளைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நான் உங்கள சங்கடப்படுத்த வரல. நான் கேட்டனா இல்லையா, அத மட்டும் சொல்லிடுங்க. இந்த வேலை போனா வேற எங்கேயும் என்னச் சேத்துக்கமாட்டாங்க" என்றாள்.

அண்ணன் உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. அவள் திறந்த கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் கேட்டிருக்கிறாள் என்று. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. உள்ளே போய்ச் சண்டை போட்டேன்.

"ஒரு பொண்ணு பொழப்புல மண்ணு உழுதுண்ணா. அவ கேட்டிருந்தா கேட்டான்னு சொல்லு, இல்லன்னா இல்லன்னு சொல்லு. இப்படிக் கல்லு மாதிரி ஒக்காந்திருந்தா எப்படி?"

"ரம்யா என் மூஞ்சில முழிக்கமாட்டா வளரு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பெண்டாட்டி போய்விட்டாள், மிச்சம் இருப்பது ஒரு மகள். அவளும் போய்விடுவாள் என்று அந்த மனிதருக்குப் பயம். பாவமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது.

விழுப்புரத்தில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ரம்யா என்னையும் துணைக்கு வரச் சொன்னாள். பஸ்ஸில் அண்ணன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். ரம்யா அவருக்குப் பாடம் நடத்திக்கொண்டே வந்தாள், அவர்கள் எதையும் கேட்கவில்லை என்று திட்டமாகச் சொல்ல வேண்டும், தயங்கக் கூடாது என்று.

விசாரித்த அதிகாரி வயதான பெண் டாக்டர். சத்தம் போடாத ஆள். ஷோபனா சுவர் ஓரமாக நின்றாள். எங்களை உட்காரச் சொன்னார்கள். அம்மையார் அண்ணனைப் பார்த்து, "மருந்து ஏதாவது ஒத்துக்காம போயிருக்கான்னு நர்ஸ் கேட்டாங்களா?" என்றார்.

"கேக்கல மேடம். யாரும் எதுவும்" என்று ரம்யா தொடங்கினாள்.

"அவர் சொல்லட்டும்மா."

அண்ணன் எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று சொல்லியும் உட்காரவில்லை. "கேட்டாங்க. நான்தான் இல்லன்னேன்" என்றார். அப்புறம் நிறுத்தவில்லை. பல் பிடுங்கிய நாள், இரண்டு மாத்திரை, டோஸ் என்று தான் முடிவு கட்டியது, அட்டையைக் கொண்டுபோகாதது, பெரிய டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். இன்னொன்றும் சொன்னார், அது எனக்கும் புதிது. "மொத மாத்திரைக்கே ஒடம்பு அரிக்குதுன்னு சொன்னா. வேர்வ, குளிச்சா சரியாப் போயிடும்னு நான்தான் சொன்னேன்."

நான் ரம்யா கையைப் பிடித்துக்கொண்டேன்.

அதிகாரி ஷோபனாவிடம், அவர் சொல்வது சரியா என்று கேட்டார். சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அவள் தப்பித்திருக்கலாம். சொல்லவில்லை. அழத் தொடங்கிவிட்டாள்.

"நான் அவர்கிட்ட கேக்கல மேடம். அந்த அம்மாகிட்டதான் கேட்டேன். அவங்க என்னமோ சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுக்குள்ள ஐயா இல்லன்னுட்டாரு. எனக்கு அடுத்த பெட் இருந்துச்சு, எழுதிட்டுப் போயிட்டேன். அந்த அம்மா என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க மேடம். நான் நின்னிருக்கணும்."

ரம்யா என் கையை விட்டுவிட்டு எழுந்தாள். அவள் கத்துவாள் என்றுதான் நினைத்தேன். கத்தவில்லை. அப்பா எதிரே போய் நின்றாள்.

"அம்மா இன்னா நைனா சொல்ல வந்தாங்க?"

"எனக்கு ஒரு தடவன்னு ஆரம்பிச்சா" என்றார் அண்ணன். "அவ மெதுவாதானே பேசுவா. அதுக்குள்ள நான் பேசிட்டேன்."

ரம்யா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் அவளையும் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை.

"தெனம் மலை மறைஞ்சதும் ஒங்கம்மா வந்து ஆரம்பிக்கிறா ரம்யா. எனக்கு ஒரு தடவன்றா. நான் வாயே தொறக்கறதில்ல, முடிக்கட்டும்னு ஒக்காந்துக்கினு இருக்கறேன். முடிக்க மாட்றா."